பத்தாவது டின்

ரப்பர் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் முனியாண்டி ஓர் ஆளின் இடுப்புக்கு வருவார், அவ்வளவுதான். ஆனால் அவர்மேல் ஜனங்களுக்கு இருந்த பயம் ரப்பர் மரத்தைவிட உயரம். லுக்குட் டவுனிலிருந்து வரும் செம்மண் சாலை ரப்பர் பால் ஸ்டோரோடு முடிந்துபோகும். அதற்கப்பால் ஓடைக்கரை, ஒரு பெரிய மரம், அதன் அடியில் அவர். தலைப்பாகை, மீசை, வேட்டி, உடம்போடு ஒட்டிப் பிடித்த அரிவாள் எல்லாம் ஒரே சிவப்பு. கண்ணில் மட்டும் வெள்ளையும் கறுப்பும்.

வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் அவருக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். லுக்குட் சீனர் கடையில் கிடைக்கும் சிறிய டின் ஒன்று. அவருக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும். பாதத்தில் தொடங்கித் தலைப்பாகையில் முடிக்கிறபோது டின்னும் காலியாகியிருக்கும். குறையவும் குறையாது, மிஞ்சவும் மிஞ்சாது.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. டின்னைத் திறந்தவர், சாமிக்குக் கண் திறக்கிற வரைக்கும் சோறு தொடக்கூடாது. தண்ணீரும் இளநீரும் மட்டும். யார் விதித்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறினவன் கதை மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி ஒருவன் அவசரப்பட்டு இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டானாம். அதன் பிறகு எவ்வளவு தின்றாலும் பசி அடங்காமல், தின்னத் தின்ன உருகி, ஒரு பிடி எலும்பாகச் செத்தானாம். காலையில் டின்னைத் திறந்தால் மதியத்துக்குள் கண் திறந்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு அதுவரை யாரையும் வாட்டியதில்லை. ஒரு வேளைப் பட்டினி, அப்புறம் கெடாக் கறி.

எழுபத்தெட்டாம் வருஷம் பக்கத்து டிவிஷன்காரர்கள் ஆளுயரத்தில் ஒரு சாமியை நிறுத்திவிட்டார்கள். நம்மவர்களுக்குப் பொறுக்குமா? வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் திருநாவுக்கரசுதான் கோயில் தலைவர். அவர் பிரட்டுக் களத்தில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற விடிகாலையில், சத்தமாகச் சொன்னார்.

“நம்ம முனிய மூணு மடங்கு பெரிசாக்கறோம்லா. அவனுங்க அண்ணாந்து பாக்கணும்.”

வேலை தங்கராஜுவிடம் வந்தது. பகலில் ஸ்டோரில் பால் ஊற்றுகிற வேலை. மற்ற நேரத்தில் லயத்து வீட்டுப் படி, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி என்று சிமெண்டு சம்பந்தப்பட்ட எதையும் விடமாட்டார். அவர் மனைவி பஞ்சாலை ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். வீட்டில் இரண்டே பேர். பஞ்சாலை வாய்க்காரி, தங்கராஜு வாயைத் திறந்தால் அன்றைக்கு மழை என்று லயத்தில் கேலி செய்வார்கள்.

அவர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பழைய சாமியின் உடம்பில் ஒரு இடம் விடாமல் அளந்தார். மூக்கு ஒரு விரல் என்றால் புதிதில் மூன்று விரல். பாதம் ஒரு சாண் என்றால் மூன்று சாண். காது மடல், அரிவாளின் வளைவு, வேட்டி மடிப்பு வரை அப்படியே.

“ஏங்க, வேட்டி மடிப்ப யாரு போய் அளந்து பாக்கப் போறா?” என்றாள் பஞ்சாலை.

“பெரிசாகணும் புள்ள. ஆனா வேறயா ஆயிடக்கூடாது. ஒரு எடம் மாறிச்சுன்னா அது நம்ம முனி இல்ல.”

பழைய சாமியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஓடையில் விடலாம் என்றார்கள் சிலர். கூடாது, சக்தி போய்விடும், புதியவரின் வயிற்றுக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம் என்றார் மண்டோர். அப்படியே செய்தார்கள். சிமெண்டு நன்றாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காகப் பழையவரின் பெயிண்டை எல்லாம் தங்கராஜு சுரண்டி எடுத்தார். கண்ணைச் சுண்ணாம்பு வைத்து மூடினார். சாம்பல் நிறத்தில், கண்ணில்லாமல், தோலுரித்த மாதிரி அவர் நின்றதைப் பார்க்கப் பஞ்சாலைக்குச் சகிக்கவில்லை.

“ஒரு பூச்சு அடிச்சு உள்ள வைங்களேன். வருசா வருசம் பூசிக்கிட்டவருங்க.”

“உள்ளாற போறதுக்கு எதுக்குப் பெயிண்டு? யாரு பாக்கப் போறா?” என்றார் தங்கராஜு. வேட்டி மடிப்பை அளந்த அதே மனிதர்தான்.

சிமெண்டும் மணலும் போட்ட கணக்கை எங்கேயோ தாண்டித்தான் போயின. ஆனால் உள்ளே ஓடைக் கல்லையும் செங்கல் துண்டையும் அடைத்துக்கொண்டே போனதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகக் காய்ந்து, வெள்ளை அடிப்பூச்சும் இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது. இனிப் பெயிண்ட். மூன்று மடங்கு உயரம், ஆகவே மூன்று டின். மண்டோர் அப்படித்தான் சொன்னார், தங்கராஜுவும் அப்படித்தான் நினைத்தார், பஞ்சாலைக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மரங்கள் இலை உதிர்க்கிற மாதம் அது. நிரை நிரையாக ரப்பர் மரங்கள் மொட்டையாக நின்றன. தரையெல்லாம் செம்பழுப்புச் சருகு. யாரும் நடக்காதபோதும் அது சரசரத்துக்கொண்டே இருக்கும். தங்கராஜு குளித்து, சூடம் கொளுத்தி, முதல் டின்னைத் திறந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கண் திறந்துவிடலாம் என்று கெடாவைக்கூடக் கட்டி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது டின் தீர்ந்தபோது பெயிண்ட் சாமியின் தொடைக்கு வந்திருந்தது.

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள் முதலில். பிறகு சிரிப்பு நின்றது. மண்டோர் டின்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

“என்னா தங்கராஜு, தடியா அடிச்சிட்டியா?”

“இல்லங்க. எப்பவும் அடிக்கிற மாதிரிதான்.”

“புது சிமெண்டு குடிக்குமோ?”

“அடிப்பூச்சு ரெண்டு வாட்டி குடுத்துருக்கேன். குடிக்காதுங்க.”

சிமெண்டு குடிக்கவில்லை என்றால் வேறு யார் குடித்தது என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கெடாவை அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். தங்கராஜு வீட்டுக்கு வந்து இளநீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

பக்கத்து வீட்டு முத்தாயி நல்ல மனசுக்காரி. “இன்னும் ஒண்ணு பத்தாமப் போயிருக்கும். எங்க வூட்டுக் கணக்குல ஒரு டின்னு” என்று வாங்கிக் கொடுத்தாள். அதுவும் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. மறுநாள் மதியம் அவள் வீட்டுக் கோழிகள் வரிசையாகத் தலையைத் தொங்கப் போட்டுச் சுருண்டு விழுந்தன. அடுத்த டின்னைக் கொடுத்தவர் கடைசி லயத்து அமிர்தலிங்கம். அவர் லுக்குட்டிலிருந்து திரும்பும்போது, வெயில் காய்கிற நேரான சாலையில், மோட்டர் சைக்கிளோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதோடு கதவுகள் சாத்திக்கொண்டன. பெயிண்ட் என்ற சொல்லை எடுத்தாலே ஜனங்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள்.

“வெளிய அடிக்கிறது உள்ள போவுதுலா. கேக்கறது செவப்பு. செவப்புன்னா என்னான்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள்.

எல்லாவற்றையும்விடப் பஞ்சாலையைப் பயமுறுத்தியது தன் வீட்டில் படுத்திருந்த மனிதர்தான். நாட்கள் போகப் போகத் தங்கராஜுவின் கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது. காய்ச்சல் வேறு. அவள் பால் வெட்டிவிட்டு வந்து கஞ்சி காய்ச்சினால் அந்த வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு சமைப்பதையே விட்டாள். முத்தாயி வீட்டில் நின்றபடியே ஏதோ வாயில் போட்டுக்கொண்டு வருவாள்.

“சாமியாவது பூதமாவது. ரெண்டு வாய் கஞ்சி குடிங்க. நான் மன்னாப்பு கேட்டுக்கறேன்.”

“அவன் கதை தெரியுமில்ல? உருகிச் செத்தான்.”

“நீங்க இப்பவே உருகிக்கிட்டுதான் இருக்கீங்க!”

தங்கராஜு சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. “பஞ்சாலை, நான் மேல ஏறி வயித்துக்கிட்ட பூசுனேன்ல, அப்ப காத வச்சுப் பாத்தேன். பச்சப் புள்ள பால் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ரொம்ப மெதுவா.”

“காய்ச்சல்ல காது அடைக்கும்.”

“பாக்கிய நான்தான் குடுக்கணும் போலருக்கு. அது ஒண்ணுதான் கேக்குதுன்னு நெனைக்கறேன்.”

மூலையில் பால் வெட்டுகிற கத்தி சாய்ந்திருந்தது. அவர் பார்வை அதில் போய் நின்றதைப் பஞ்சாலை பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து கத்தியை முத்தாயி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். புருஷனைக் காவு கொடுத்துவிட்டுத்தான் இந்தத் திருவிழா நடக்கும் என்றால் அந்தச் சாமி தனக்கு வேண்டாம் என்று மனசுக்குள் சொன்னாள். சொன்ன உடனே பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கண் திறக்கும்போது சாமிமேல் ஒரு மஞ்சள் துணி போர்த்தி எடுப்பது வழக்கம். அது பஞ்சாலை வீட்டு நேர்த்திக்கடன். பழையவருக்கு ஒரு சதுரத் துணி போதும், சுற்றி வந்து முதுகில் சேர்ந்துவிடும். புதியவருக்கும் அவள் முன்பே வாங்கித் தைத்து வைத்திருந்தாள். அதே அளவில் மூன்று சதுரம், ஒன்றின் கீழ் ஒன்றாக. இந்தத் துணியைப் போர்த்தியாவது சாமியைச் சமாதானப்படுத்தலாம் என்று தோன்றவும், வேலை முடிந்த கையோடு, பால் வாளியைக்கூடக் கழுவாமல் கோயிலுக்குப் போனாள்.

வெயில் நேர் உச்சியில் இருந்தது. மொட்டை மரங்களுக்கு நிழல் இல்லை. இடுப்பு வரை சிவப்பும் மேலே வெள்ளையுமாக, கண்ணில்லாத முகத்தோடு அவர் நின்றார். மண்டோர் மட்டும் தூரத்தில் மரவேரில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பஞ்சாலை சாரத்தில் ஏறித் துணியைச் சாமியின் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டாள்.

நீளம் சரியாக இருந்தது. கழுத்திலிருந்து பாதம் வரை வந்தது. ஆனால் அகலம்? மார்பின் நடுவே ஒரு பட்டையாகத் தொங்கியது. இரண்டு பக்கமும் உடம்பு அம்மணமாகக் கிடந்தது. முதுகு முழுதும் வெறிச்சென்றிருந்தது. கட்சித் தலைவர் மாதிரி துண்டு போட்டுக்கொண்டாரே என்று அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

“மண்டோரய்யா! இங்க வாங்க!”

“என்னாம்மா?”

“நாம உசரத்த மட்டும் மூணாக்கலங்க. அகலத்தயும் மூணாக்கிட்டோம். இந்தத் துணி ஒரு வரிசை. இந்தப் பக்கம் இன்னொரு வரிசை, அந்தப் பக்கம் இன்னொரு வரிசை. அப்பத்தான் சுத்தி வரும். மூணு வரிசை, வரிசைக்கு மூணு.”

மண்டோர் பீடியைக் கீழே போட்டார். “ஒம்போதா?”

“துணிக்கு ஒம்போதுன்னா பெயிண்டுக்கும் ஒம்போதுதானே? ரெண்டும் மேல போத்தறதுதான? அவரு குடிக்கலய்யா. நாமதான் தப்பாக் கணக்குப் போட்டுட்டோம்.”

மண்டோர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அவள் மீதி ஆறு துண்டையும் தைத்து, அடுத்த நாள் எல்லார் முன்னாலும் போர்த்திக் காட்டினாள். ஓரமும் ஓரமும் முதுகில் வந்து முட்டின. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அத்தனை நாள் பயம் ஒரு துணியில் அடங்கிப்போயிற்று. முத்தாயி கோழிகளை மறந்து சிரித்தாள். ஐந்து டின் ஆகிவிட்டது, இன்னும் நான்கு. மண்டோரே மோட்டரை எடுத்துக்கொண்டு லுக்குட்டுக்குப் பறந்தார்.

பஞ்சாலை ஓடிவந்து புருஷனை உட்கார வைத்து எல்லாம் சொன்னாள். தங்கராஜு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் தளும்பியது.

“அப்ப கணக்குத்தானா புள்ள?”

“கணக்குத்தாங்க. வேற ஒண்ணுமில்ல.”

இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க அவர் சாரத்தில் ஏறினார். பூச்சு எப்போதும்போல் சீராக விழுந்தது. ஆனால் வயிற்றுக்கு வந்தபோது வேலை சுணங்கியது. பூசிய இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி, வெள்ளை தெரிந்தது. மறுபடி பூசினார், மறுபடி மங்கியது. கீழே நின்ற பஞ்சாலை வெயிலில் கண் கூசுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நெஞ்சில் நன்றாகப் பிடித்தது, தோளில் பிடித்தது, கையில், அரிவாளில் பிடித்தது.

ஒன்பதாவது டின் கழுத்தில் தீர்ந்தது.

சருகு மட்டும் சரசரத்தது. பஞ்சாலை சாரத்தில் ஏறிப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து டின்னை வாங்கிப் பார்த்தாள்.

“ஒம்போதுதாங்க கணக்கு. துணி பொய் சொல்லாது. எல்லாரும் பாத்தாங்க.”

“கணக்கு சரிதான்” என்றார் தங்கராஜு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “வெளிய இருக்கறவருக்கு ஒம்போது. உள்ள ஒருத்தர் இருக்காரில்ல. அவருக்கு எப்பவும் ஒரு டின்னு.”

பஞ்சாலைக்கு அந்தக் கொளுத்துகிற வெயிலில் குளிர் எடுத்தது. சாம்பல் நிறமாய், கண்ணில்லாமல், உரிந்து நின்ற அந்தச் சின்ன உடம்பு நினைவுக்கு வந்தது.

தங்கராஜு சாய்ந்துவிட்டார். கீழே இறக்கிப் பாயில் கிடத்தினார்கள். மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. பத்தாவது டின் வந்தது. அதைத் திறக்க ஆள் வரவில்லை. அவர் கைக்கு மூடியை நெம்பத் தெம்பில்லை.

“தெறக்கறவங்களுக்கும் அதே கட்டுப்பாடுதான்மா” என்றார் மண்டோர்.

“தெரியும்யா. பொண்டாட்டி நான் இருக்கறப்ப வேற யாரு வருவா?”

மூடியை அவள் நெம்பினாள். கழுத்து, முகம், மீசை, தலைப்பாகை. எந்த இடத்திலும் மங்கவில்லை. கடைசிச் சொட்டு தலைப்பாகை முடிச்சில் முடிந்தது. பிறகு தங்கராஜுவைத் தூக்கி ஏற்றினார்கள். அவர் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொள்ள, வெள்ளையும் கறுப்பும் வைத்து அவர் கண் திறந்தார். மஞ்சள் துணி விழுந்தது. உறுமி முழங்கியது. இலையில் குழையக் குழையப் பிசைந்த சோற்றைப் புருஷனுக்கு ஊட்டிவிட்டு, அதே இலையில் அவளும் சாப்பிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.

தங்கராஜு தேறிவிட்டார். முன்பைவிடச் சதை போட்டது. ஆனால் பஞ்சாலைக்கு ஏதோ ஆனது. சாப்பிட்டு எழுந்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. “ரெண்டு தட்டு தின்னுட்டு மூணாவது தட்டத் தேடுறா” என்று முத்தாயி கேலி செய்வாள். தின்றது எங்கே போகிறது என்று தெரியாமல் தோள் எலும்பு துருத்தியது. போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், இனிப்பு நீர் நோயா என்று பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். அவளும் அதோடு பழகிப்போனாள். பிறகு வந்த வருஷங்களில் திருவிழாவுக்கு ஒன்பது டின் வாங்கினார்கள். ஒன்பதிலேயே முடிந்தது. பத்தாவது டின்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

தொண்ணூற்று நான்கில் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். பஞ்சாலையும் தங்கராஜுவும் அதற்குள் லுக்குட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார்கள். சாமியைப் புது இடத்துக்குக் கொண்டுபோக லாரி வந்தது. பழையவரை ஒரே ஆள் தோளில் தூக்கிய கணக்கில் நாலைந்து பேர் போதும் என்று வந்திருந்தார்கள். இருபது பேர் சேர்ந்து நெம்பியும் அசையவில்லை. பூசாரி சக்தியைக் குடத்தில் இறக்கினார். வேறு வழியில்லை, உடைத்து உள்ளே இருப்பவரை எடுத்துப் போகலாம் என்று கிழவராகிவிட்ட மண்டோர் தலையாட்டினார். சம்மட்டியை எடுத்தார்கள்.

பஞ்சாலை மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுவந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாள். அன்றைக்கு அது இரண்டாவது பொட்டலம்.

வயிறு உடைந்து, கல்லும் செங்கலும் சரிந்தன. நடுவில் இருந்தவரை இரண்டு பேர் தூக்கி வெளியே வைத்தார்கள். வைத்தவர்கள் கையை உதறிப் பின்னால் நகர்ந்தார்கள். தங்கராஜு கிட்டே போய்க் குனிந்தார்.

“பஞ்சாலை. இங்க வந்து பாரு.”

பழைய முனி பாதம் முதல் தலைப்பாகை வரை சிவப்பாக இருந்தார். ஒரே பூச்சு, சீராக, வேட்டி மடிப்புக்குள்ளும், அரிவாளின் உள் வளைவிலும். படுக்க வைத்தபோது பாதத்தின் அடியிலும் சிவப்புத்தான். ஒட்டியிருந்த சிமெண்டு தானாக உதிர்ந்தது. பெயிண்ட் வாசனை அப்போதுதான் திறந்த டின் மாதிரி அடித்தது.

“ஒரு டின்னு” என்றார் தங்கராஜு.

பஞ்சாலை உடம்பைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். கண் இருக்கவேண்டிய இடத்தில், அன்றைக்குத் தங்கராஜு வைத்து மூடிய சுண்ணாம்பு அப்படியே வெள்ளையாக இருந்தது.

பத்தாவது டின்னைத் திறந்தவள் அவள். அது வெளியே நின்றவருக்கு வந்த டின் இல்லை. யாருக்கு வந்ததோ, அவருக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

வாயில் இருந்த கவளத்தை அவள் மெல்லக் கையில் துப்பினாள். பொட்டலத்தை மடித்துத் தள்ளி வைத்தாள்.

“என்னா புள்ள?”

“கடைக்குப் போயி வெள்ளையும் கறுப்பும் வாங்கிட்டு வாங்க” என்றாள் பஞ்சாலை. “ஓடுங்க. எனக்குப் பசிக்குது.”